காற்றுப் படாமல் ஒரு கைதட்டல்

அவள் கை தட்டினாள்.

எலியின் காது அசைந்தது. மறுபடி தட்டினாள். மறுபடி அசைந்தது.

நல்ல காது. கூண்டை இடப்பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அடுத்த கூண்டிலும் அதே வெள்ளை, அதே சிவந்த கண். பின்னால் போய் நின்று தட்டினாள். அது முகம் கழுவிக்கொண்டே இருந்தது. இரண்டு முன்னங்கால்களாலும், கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி, ஆற அமர.

இது வலப்பக்கம்.

ஆராய்ச்சிக்கூடத்தில் சத்தம் புகாத சின்ன அறை அது. சுவரெல்லாம் பஞ்சுத் திண்டு. உள்ளே கொஞ்ச நேரம் நின்றால் தன் மூச்சே யாரோ பக்கத்தில் தூங்குகிற மாதிரிக் கேட்கும்.

கை தட்டுவதற்குச் சம்பளமா என்று வீட்டில் கேலி செய்வார்கள். தட்டுவதற்கும் முறை இருக்கிறது. நிழல் விழக் கூடாது. மேசை அதிரக் கூடாது. உள்ளங்கைக் காற்று மீசையில் படக் கூடாது. பட்டால் காது கேட்காத எலியும் திரும்பிப் பார்க்கும். பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குட்டியின் காது என்ன ஆகும் என்பதுதான் அங்கே கேள்வி. கொழுப்புத் தீனி தின்று ஊதிப்போன தாய்கள், சர்க்கரை ஏறிய தாய்கள், ஒரு குறையும் இல்லாத தாய்கள். எந்தக் குட்டி யாருடையது என்று அவளுக்குச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் தட்டுகிறவளின் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். பதில் வர இன்னும் நாளாகும்.

சாயங்காலம் நுண்ணோக்கியின் முன்னால் உட்காருவாள். கிண்ணத்தில் வளர்க்கும், ஒலியை வாங்குகிற உட்காதுச் செல்கள் இருட்டில் பச்சையாக ஒளிரும். வரிசை வரிசையாக, யாருக்கோ வழிவிட்டு நிற்கிற மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்தால் உடம்பு மிதக்கும். சில இடங்களில் மட்டும் வரிசையில் பல் விழுந்திருக்கும். விழுந்த இடத்தில் மறுபடி முளைக்காது.

அந்த இடைவெளியைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டு ஞாபகம் வரும்.

அவளுக்கும் சர்க்கரை இருந்தது. கர்ப்பத்தோடு வந்து, பிரசவத்தோடு போய்விட்ட சர்க்கரை. பிறந்த குழந்தையின் காதைப் பரிசோதிக்க மறுமாதம் வரச் சொன்னார்கள். மறுமாதம் குழந்தைக்குச் சளி. அப்புறம் மறந்தே போனது. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது இந்த எலிகள் வந்து காத்திருந்தன.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கனவு. கை தட்டுகிறாள். கைகள் பஞ்சாகிவிட்டன. எதிரே வெளிச்சம், வெளிச்சத்துக்கு நடுவில் குழந்தை. அவள் தட்டத் தட்டக் கைகளிலிருந்து பஞ்சு பிரிந்து பறக்கிறது. குழந்தை அதைப் பிடித்துப் பிடித்துச் சிரிக்கிறது.

விழித்த பிறகும் வெகுநேரம் அவளுக்கு எழுந்திருக்க மனசு வராது.

"கதவு சாத்துனா பாப்பா திரும்புறாளே" என்பான் கணவன் ஜெயசீலன். "நான் ஆபீஸ்லேர்ந்து வந்தா வாசல்லயே தெரிஞ்சுக்குறா."

தரை அதிர்ந்திருக்கும், வாசலில் நிழல் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வாள். அவன் கொண்டுவந்த ஒவ்வொரு சாட்சியையும் மனசுக்குள்ளேயே தள்ளுபடி செய்தாள். இத்தனை எலிகளுக்குத் தட்டிய கை, பெற்ற பிள்ளைக்குப் பின்னால் ஒரே ஒரு தடவை தட்டப் பயந்தது. தட்டாத வரைக்கும் குழந்தைக்குக் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து தெருவே தூங்கிக்கொண்டிருந்தது.

கூடத்தில் போர்வைமேல் குழந்தை உட்கார்ந்திருந்தது. ஜன்னலைப் பார்த்தபடி, ஒரு கரண்டியைக் கடித்துக்கொண்டு. கம்பிக்கு வெளியே ஒரு புறா, கண்ணை மூடுவதும் திறப்பதுமாக.

அவளுக்கு என்ன தோன்றியதோ, போய் மின்விசிறியை நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்துன? வேர்க்குது." சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தான் அவன்.

"சும்மாதாங்க."

கால்மிதியைக் குழந்தைக்குப் பின்னால் தள்ளிப் போட்டு அதன்மேல் நின்றாள். வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்தாள். நிழல் அவளுக்குப் பின்னால்தான் விழுந்தது.

தட்டினாள்.

கரண்டி வாயிலேயே இருந்தது.

இன்னும் பலமாகத் தட்டினாள்.

பிடரியில் சுருண்டிருந்த முடி அப்படியே இருந்தது.

மூன்றாவது தட்டில் உள்ளங்கை எரிந்தது. புறா சடசடவென்று பறந்துபோனது.

புறா போன பக்கம் குழந்தையின் தலை திரும்பியது. திரும்பிய வாக்கில் அம்மாவைக் கண்டது. கூப்பிய கைகளோடு நிற்கும் அம்மாவை. உடனே முகம் மலர்ந்து, கரண்டியைக் கீழே போட்டுவிட்டுத் தன் கைகளைச் சேர்த்தது. பிரித்தது. மறுபடி சேர்த்தது.

ஈரக் கையோடு ஓடிவந்தான் ஜெயசீலன். "ஏய், பாப்பா சப்பாணி கொட்டுறாடி! நீ தட்டுனதைக் கேட்டுட்டுக் கொட்டுறா பாரு!"

அவனுடைய சந்தோஷத்தை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"நாளைக்கு லீவு சொல்லிருங்க" என்றாள். "பாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"எதுக்கு? நல்லாத்தானே இருக்கா?"

"நல்லாத்தான் இருக்கா" என்றாள்.

குழந்தை அடுத்த தட்டுக்காக அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் அதன் எதிரே வந்து, வெளிச்சம் தன்மேல் விழும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். கைகளை நன்றாக அகல விரித்தாள். மெதுவாக, குழந்தையின் கண்ணுக்குத் தெரியும்படி தட்டினாள்.