அடுப்புப் பக்கம்

"மெதுவாச் சுத்துங்க தங்கச்சி, தலை கிறுகிறுங்குது" என்றார் வால்தேசி.

ரொசானே மவுஸிலிருந்து கையை எடுத்தாள். திரையில் சுழன்றுகொண்டிருந்த மலை நின்றது.

மழைக்காலத்துக்கு முன்னால் ட்ரோன் பறக்கவிட்டு எடுத்த படங்களைக் கோத்துச் செய்த முப்பரிமாண மலை அது. அந்தக் குடியிருப்பு இப்போது அவளுடைய கணினியில் மட்டும்தான் இருந்தது. ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும் வீடுகள், கூரைதோறும் நீலத் தண்ணீர்த் தொட்டி, நடுவே வளைந்து வளைந்து ஏறும் படிக்கட்டு. மரங்கள் மட்டும் உருகிய மெழுகு மாதிரி இருந்தன.

வெளியே, பிரேசிலின் மலை நகரமான பெட்ரோபொலிஸில் தூறல் இன்னும் விடவில்லை.

மண் சரிந்த வாரத்தில் ஆட்கள் இந்த அறைக்கு வரிசையாக வந்தார்கள். எங்கள் வீடு இங்கே இருந்தது, இங்கே தோண்டுங்கள் என்று திரையைத் தொட்டுக் காட்டினார்கள். வால்தேசியும் அவர் மனைவியும் அப்போது வந்தவர்கள்தான். அவர்கள் காட்டிய இடத்தில்தான் அவர்களுடைய மகள் கவானே கிடைத்தாள். அடக்கமும் முடிந்துவிட்டது.

இன்று வந்தது வேறு ஒன்றுக்காக.

"நான் ஓடிட்டேன்." உட்கார்ந்ததுமே வால்தேசி சொல்லியிருந்தார். "யாரா இருந்தாலும் ஓடியிருப்பாங்கன்னு பாதிரியார்லேர்ந்து எல்லாரும் சொல்லியாச்சு. நீங்களும் சொல்லாதீங்க. எங்க சமையலறை ஜன்னல்லேர்ந்து அந்தப் படி தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் காட்டுங்க."

மண் சரிந்த அன்று அவர் ரொட்டிப் பையோடு வீட்டுக்கு ஏறிக்கொண்டிருந்திருக்கிறார். விளக்குக் கம்பம் நிற்கும் திருப்பத்துக்கு வந்தபோது மேலே மலை உறுமியது. வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தது. மகள் உள்ளே தனியாக இருந்தாள். அவர் பையைப் போட்டுவிட்டுக் கீழே ஓடினார்.

அத்தனை வருடம் வாழ்ந்த வீடு. அந்த ஜன்னலிலிருந்து என்ன தெரியும் என்பது மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. ஒரு நாள் தெரியும் என்று தோன்றும். மறுநாள் தெரியாது என்று தோன்றும்.

அவருடைய மனைவி மரினால்வா கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மண் சரிந்தபோது அவர் நகரத்தில், தையல் ஆலையில் இருந்தார்.

ரொசானே திரையில் பார்வைக் கோணத்தைச் சாய்த்துக் கூரைகளுக்கு மேலாக இறக்கினாள். அவசரப்பட்டால் அது தரையைத் துளைத்துக்கொண்டு அடியில் போய்விடும். அங்கிருந்து பார்த்தால் மலை, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் ஓடு. அதை மட்டும் இந்த அறைக்கு வருகிறவர்கள் கண்ணில் அவள் காட்டுவதில்லை.

அவர்கள் வீட்டுக் கொடியில் ஒரு மஞ்சள் துண்டு, காற்றில் பாதி எழும்பியபடி உறைந்திருந்தது.

வால்தேசி எழுந்துவிட்டார். "மூஞ்சி கழுவிட்டு வர்றேன்."

கதவு சாத்தியதும் மரினால்வா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அவர் வர்றதுக்குள்ள வைங்க. ஜன்னல்ல வைங்க."

சுவரில் ஜன்னல் வெறும் கறுப்புத் திட்டாக இருந்தது. ரொசானே அதை வெட்டித் திறந்தாள். பார்வையை உள்ளே கொண்டுபோய், ஒரு சிறுமியின் கண் உயரத்தில் வெளியே பார்க்கத் திருப்பினாள்.

படிக்கட்டு முழுசாகத் தெரிந்தது. விளக்குக் கம்பம், திருப்பம், அதற்குக் கீழே இறங்கும் படிகள், எல்லாம். அங்கே நிற்கும் ஆள் கையில் பை இருந்தால் அதுகூடத் தெரிந்திருக்கும்.

பக்கத்து அறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் அடுப்பு. அங்க நகர்த்துங்க" என்றார் மரினால்வா.

ரொசானே நகர்த்தினாள். எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மெல்ல ஊர்ந்து வந்தது. விளக்குக் கம்பத்தைப் பாதி மறைத்தது.

"இன்னும்."

திருப்பம் மறைந்தது. படிகள் மறைந்தன. ஜன்னல் முழுக்க நீலம்.

"போதும். இப்படியே விடுங்க."

குழாய் நின்றது.

ஈர முகத்தோடு வந்த வால்தேசி உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது நம்ம ஜன்னலா?"

"அடுப்புப் பக்கத்துலேர்ந்து. பீன்ஸைச் சூடு பண்ணிக்கோன்னு சொல்லிட்டுப் போயிருந்தேன். அங்கதானே நின்னிருப்பா?" என்றார் மரினால்வா.

அவர் மனைவியைப் பார்க்கவில்லை. ரொசானேவைப் பார்த்தார். "என் பொண்டாட்டி எனக்காக எதையும் சொல்லுவா. நீங்க சொல்லுங்க. அங்கேர்ந்து பார்த்தா தெரியாதா?"

ரொசானேவின் விரல் மவுஸின் மேல் இருந்தது. கொஞ்சம் அசைந்தால் போதும்.

"அங்கேர்ந்து தெரியாது அண்ணே."

அவர் நெடுநேரம் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய தோள்கள் இறங்கின. துக்க வீட்டில் கடைசி ஆளும் போன பிறகு உட்காருகிறவர் மாதிரி, நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார்.

எழுந்தபோது குரல் தெளிந்திருந்தது. "வண்டியை வாசலுக்குக் கொண்டுவர்றேன், நல்வா. நீ நனையாத."

அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. ரொசானே மெதுவாகச் சொன்னாள்: "அடுப்புகிட்டதான் நின்னிருப்பா, அக்கா. நிஜமாவே."

மரினால்வா தலையை ஆட்டி மறுத்தார்.

"ஜன்னல்லதான் நின்னா. அங்கேர்ந்துதான் எனக்கு போன் பண்ணினா. அம்மா, அப்பா கீழ ஓடறாரு, நானும் ஓடட்டுமான்னு கேட்டா."

கீழே ஹார்ன் ஒலித்தது. மரினால்வா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மழையில வெளிய போகாத, வீட்டுக்குள்ளயே இருன்னு சொன்னேன்."