வேட்டி கேட்ட கடிதம்

வல்லாஹி, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை! திமிங்கிலம் படகுத்துறைக்கு வந்து என்னிடம் சுருட்டுக் கேட்ட கதை வேண்டுமானால் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. இது அப்படியல்ல.

அறுபத்திரண்டாம் ஆண்டு. நான் திருகோணமலையில் தபால்காரன். பக்கத்துச் சல்லிக் கிராமத்து நல்லம்மாவின் மகள் வள்ளிநாயகி கொழும்பில் டொக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். தகப்பன் கடலுக்குப் போனவர். பிரேதம்கூடக் கரைக்கு வரவில்லை.

அவளுடைய கடிதமொன்று, கடற்காற்றில் ஒட்டு விட்டு, என் கையில் தானாகவே திறந்துகொண்டது.

“அம்மா, அப்பாவின்ர வெள்ளை வேட்டியை உடனே அனுப்புங்கோ. ஒருத்தருக்கு வேணும். ரெண்டு வருசமா அவரோடதான் என்ர படிப்பெல்லாம். பேர் கேட்டால் சொல்ல ஏலாது.”

தேத்தண்ணிக் கடையில் ஒரேயொரு ஆளிடம்தான் சொன்னேன். கடிதம் போக முந்தியே கதை நல்லம்மாவிடம் போய்விட்டது.

வேட்டியைப் பையில் திணித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“தபால்கார நானா, கொழும்புக்கு என்னோட வாங்கோ. அவளின்ர படிப்பு இதோட சரி. இழுத்துக்கொண்டு வரப்போறன்.”

போனோம். கல்லூரி வாசலில் பியோன் மறித்தான்.

“எந்தப் பகுதி அம்மா? செடிக்கு ஒண்டு, பிராணிக்கு ஒண்டு, இரத்தத்துக்கு ஒண்டு…”

“ஆம்பிளையள் இருக்கிற பகுதி!”

அதற்குள் வெள்ளைக் கோட்டோடு வள்ளிநாயகி ஓடிவந்தாள்.

“எங்கையடி அவன்?”

“உள்ள வாங்கோ அம்மா.”

நீண்ட மண்டபம். மூக்கை அரிக்கும் மருந்து மணம். மேசையில் ஒரு பிரேதம்.

நல்லம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இவர்தான் அம்மா. இஞ்ச முதல் வருசம் செடியும் தவளையும். பிறகு ரெண்டு வருசம் செத்தவையோட. அதுக்குப் பிறகுதான் உயிரோட இருக்கிறவையைத் தொட விடுவினம். இவரை ஒருத்தரும் தேடி வரேல்ல. பேரும் தெரியாது. நாளைக்கு அடக்கம். எங்களுக்குப் படிப்பிச்ச மனிசனை வெறும் உடம்போட எப்பிடி அனுப்புறது?”

நல்லம்மா பையைத் திறந்தாள். பிறகு வேட்டியை எடுத்து உதறினாள்.

“அந்தப் பக்கம் பிடி பிள்ளை. காலும் மூடுபட வேணும்.”

போர்த்தி முடித்து, முந்தானையால் அவருடைய முகத்தைத் துடைத்தாள்.

“நாளைக்கு ஆரும் பேர் கேட்டால், உன்ர அப்பாவின்ர பேரைச் சொல்லு.”

சரி, கடிதத்தைத் திறந்தது காற்றல்ல; என் வீட்டில் தண்ணி கொதிக்கிற கேத்தலின் ஆவி. இப்போது மாதாமாதம் என் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பவளே அந்த வள்ளிநாயகிதான். இதை யார் சொன்னது என்று மட்டும் ஒருவரிடமும் வாய் திறந்துவிடாதீர்கள்!