பெயர் வரும் வரி

மறைந்துபோன ஒரு பெரிய வித்வானின் பாடல்களுக்கு மட்டுமேயான கச்சேரி அது. எல்லாப் பாட்டிலும் கடைசி வரியில் தன் பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தார் மனிதர். பாடுகிறவர்கள் அந்தப் பெயரைத் தொட்டதும், யாருமில்லாத கடைசி வரிசையிலிருந்து, கூப்பிட்டவருக்குப் பதில் சொல்வதுபோல, "ம்" என்று கேட்டது. மைக்செட்காரன் வயர்களையெல்லாம் பிடுங்கிச் செருகிப் பார்த்தான். இருப்புக்கொள்ளவில்லை. அடுத்துப் பாடவேண்டியவள் அவன் மனைவி.

"பயமா இருக்குங்க. பேரு வர்ற வரியை விட்டுடட்டுமா?"

"விட்டுடு. யாரு கேக்கப் போறாங்க?"

அவள் அந்த வரியை விட்டுவிட்டுப் பாட்டை முடித்தாள். "ம்" வரவில்லை. அவனுக்கு அப்பாடா என்றிருந்தது.

அப்போது கடைசி வரிசையில் ஒரு வயதான குரல், விட்டுப்போன வரியை நிதானமாகப் பாடியது. வித்வானின் பெயர் வரவேண்டிய இடத்தில் அவன் மனைவியின் பெயர் வந்தது.

மேடையில் அவள் "ம்" என்றாள்.