பாதி வெங்காயம்

தெர்மாமீட்டரை இரண்டு உதறு உதறிவிட்டு, டாக்டர் அதைச் சுப்பராயனின் இடது அக்குளில் செருகினார்.

நோயாளி வரிசையில் அவனுக்கு அடுத்து நின்ற லட்சுமணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். நூறைத் தாண்டிவிட்டால் போதும், சுப்பராயன் பிழைத்துக்கொள்வான்.

ராயபுரம் கடலோரத்தில் ஒரு பழைய உப்புக் கிடங்கைத்தான் ஜெயிலாக மாற்றியிருந்தார்கள். துறைமுக வேலைநிறுத்தத்தில் கூட்ஸ் வண்டிக்கு முன்னால் தண்டவாளத்தில் படுத்ததற்காக இரண்டு பேருக்கும் நாலு மாதம். சுப்பராயனுக்குக் கடல் சுவருக்குக் கல் உடைக்கும் வேலை. லட்சுமணனுக்குச் சமையல் கொட்டகை.

சுப்பராயன் லட்சுமணனின் தங்கை மலர்க்கொடியின் புருஷன்.

அவனுக்கு முறைக்காய்ச்சல். ஒருநாள் விட்டு ஒருநாள், மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வரும். வந்தால் பல் கிட்டிக்கொண்டு, படுத்த பாயும் சேர்ந்து உதறும். விடிவதற்குள் வேர்த்து இறங்கிவிடும்.

டாக்டர் வருவது செவ்வாயும் வெள்ளியும், காலை எட்டு மணிக்கு. ஒன்பதுக்குள் கிளம்பிவிடுவார். காய்ச்சல் என்ன அவரைக் கேட்டுக்கொண்டா வரும்?

மூன்று வாரமாகத் தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டைத்தான் காட்டியது. நூறைத் தாண்டினால் ஆஸ்பத்திரிக் கொட்டகை, கொயினா மருந்து, பால் கஞ்சி. தாண்டாவிட்டால் கல். இதே காய்ச்சலில் அந்த மாதம் இரண்டு பேரைப் பாயில் சுருட்டித் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

போன வாரம் மனு போட்டுப் பார்க்க வந்த மலர்க்கொடி, கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அண்ணாத்தே, உன்ன நம்பித்தான் கீறேன். அவர எப்டியாச்சும் வூட்டுக்கு இட்டாந்துடு.”

அதனால்தான் இந்த வெங்காய யோசனை.

அக்குளில் வெங்காயம் வைத்தால் ஜுரம் காட்டும் என்பது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சங்கதி. முந்தின நாள் சாயந்திரம், சமையல் கொட்டகையிலிருந்து பெரிய வெங்காயம் ஒன்றை மடியில் செருகிக்கொண்டு வந்தான் லட்சுமணன். அதை இரண்டாக அறுத்து, ஒரு பாதியைச் சுப்பராயனின் அக்குளில் வைத்துத் துணியால் கட்டினான்.

“வேணாம் மச்சான், மாட்டிக்குவோம்” என்று முனகினான் சுப்பராயன்.

“கம்னு கெட மாப்ளே.”

விடிகாலையில் தொட்டுப் பார்த்தான். மாப்பிள்ளையின் உடம்பு அனலாகக் கொதித்தது. வெங்காயம் வேலை செய்கிறது என்று லட்சுமணனுக்கு அத்தனை சந்தோஷம். கட்டை அவிழ்த்து, வெங்காயத்தைக் கம்பி வழியே வீசி எறிந்தான். அக்குளைக் கழுவிவிடத்தான் தண்ணீர் இல்லை.

இப்போது டாக்டர் தெர்மாமீட்டரை உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நூத்தி நாலு.”

லட்சுமணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கம்பவுண்டர் பேனாவை மையில் தோய்த்தான்.

டாக்டரின் மூக்கு சுருங்கியது. தெர்மாமீட்டரை மூக்கருகில் கொண்டுபோனார். பத்து வருஷமாகக் கைதிகளையே பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்.

“வெங்காய ஜுரம்!” என்றார்.

வார்டர்கள் சிரித்தார்கள். சுப்பராயனின் நெற்றியில் ஒருவரும் கை வைத்துப் பார்க்கவில்லை. ஒரு நொடி வேலைதான் அது, பாவிகள் அதைக்கூடச் செய்யவில்லை. அவன் கையில் சுத்தியலைக் கொடுத்து, முற்றத்துக் கல் குவியலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவன் காலை இழுத்து இழுத்து நடந்தான்.

அடுத்தது லட்சுமணன்.

அவன் சும்மா வரிசைக்கு வந்துவிடவில்லை. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் வாய்க்குத் தண்ணீர் ஊற்றக்கூட ஆள் கிடையாது என்று கேள்விப்பட்டிருந்தான். மாப்பிள்ளையைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. வெங்காயத்தின் மறுபாதி ராத்திரி முழுக்க அவனுடைய அக்குளில்தான் இருந்தது.

இந்தத் தடவை டாக்டர் முதலில் மோந்தார், பிறகுதான் பார்த்தார்.

“தொண்ணூத்தெட்டு. உனக்குச் சொத்தை வெங்காயம் மாட்டிக்கிச்சு போலிருக்கு!”

மறுபடியும் சிரிப்பு.

லட்சுமணனுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் உறைத்தது. ராத்திரி முழுக்க வைத்திருந்தும் தனக்கு ஒரு புள்ளிகூட ஏறவில்லை. அப்படியென்றால் அந்த நூற்று நாலு?

அது விடிந்தும் இறங்காத காய்ச்சல். மூன்று வாரத்தில் முதல் தடவையாக, டாக்டர் வரும் நேரம்வரை உடம்பில் நின்ற காய்ச்சல். தங்கை நம்பி ஒப்படைத்த உயிர். அந்தக் காய்ச்சலைத் தன் கையாலேயே பொய்யாக்கிவிட்டான்.

“தொரே! ரெண்டும் ஒரே வெங்காயம் தொரே!” என்று கத்தினான்.

அன்றைக்கு எழுந்ததிலேயே பெரிய சிரிப்பு அதுதான். கம்பவுண்டர் சிரித்தான். வார்டர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வரிசையில் நின்ற கைதிகள்கூட அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கத்திக்கொண்டே இருந்த லட்சுமணனை ஒரு வார்டர் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார்.

அன்று செவ்வாய்க்கிழமை. டாக்டர் இனி வெள்ளிக்கிழமைதான் வருவார்.

கல் குவியலில் உட்கார்ந்திருந்த சுப்பராயன் இத்தனை சிரிப்பையும் கேட்டுத் தலையைத் தூக்கினான். எதற்கென்று தெரியாமல், மச்சானைப் பார்த்துத் தானும் லேசாகச் சிரித்தான். சுத்தியல் இன்னும் அவன் மடியிலேயே கிடந்தது.