மீட்டரைச் சுற்றிய துணி

எலக்ட்ரீஷியன் வகுப்பு அலமாரியில் இருந்த புது மீட்டரைக் காணவில்லை. அலமாரிச் சாவி கூட்டிப் பெருக்கும் அக்காவிடம் இருக்கும். ஆகவே பழியும் நேராக அங்கே போய் உட்கார்ந்தது.

"சாயங்காலத்துக்குள்ள மீட்டர் வரலன்னா, நீ நாளைலேருந்து வரவேணாம்," என்றார் பிரின்சிபால்.

"கீழ கிடக்கிற திருகாணியக்கூட மேசைல எடுத்து வைக்கிறவ சார் நான். பெருக்கும்போது சாவிய ஆணில மாட்டுவேன். அது தப்புன்னா தப்புதான்."

"டெஸ்ட் ஒண்ணு இருக்கு. அது முடியட்டும் சார்," என்று குறுக்கே வந்தார் வாத்தியார்.

கரும்பலகையில் கேள்விகளை எழுதினார். கடைசிக் கேள்வி: காணாமல்போன மீட்டர் எந்த நிறத் துணியில் சுற்றியிருந்தது?

பிரின்சிபாலுக்கு முகம் மலர்ந்தது. சுற்றி வைத்தவர் வாத்தியார். பிரித்தவன் திருடன். சரியான நிறத்தை எழுதுகிறவன் மாட்டினான்.

"கில்லாடிய்யா நீ," என்றார் காதோரம்.

"சார், இது சிலபஸ்லயே இல்லையே," என்றான் கடைசி பெஞ்ச் வாலு.

"நீ கிளாஸ்லயே இருக்கறதில்ல, அதக் கேட்டேனா? தப்பானாலும் மார்க் குறையாது. எழுது."

இந்த வகுப்புக்கு அதைச் சொல்லவே வேண்டாம். மின்தடையைப் பற்றிக் கேட்டால், வீட்டில் கரண்ட் போன கதையையாவது எழுதி வைக்கிற கூட்டம்.

தாள்கள் வந்தன. வாத்தியார் கடைசிப் பக்கங்களை மட்டும் புரட்டினார். ஒன்றைப் படித்துச் சிரித்தார். பிறகு வேறொன்றை உருவிக்கொண்டு முதல் பெஞ்சுக்குப் போனார். எப்போதும் முதல் ரேங்க் வாங்குகிறவன் அங்கே இருந்தான்.

"மீட்டர் எங்க தம்பி?"

பையன் தாளைப் பார்த்தான். வாசலில் துடைப்பத்தோடு நின்ற அக்காவைப் பார்த்தான். தலை கவிழ்ந்தது.

"வீட்ல இருக்கு சார்."

அக்கா அடுத்த அறையைப் பெருக்கப் போனார். இந்த முறை சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"கலரக் கரெக்டா எழுதி மாட்டிக்கிட்டானா?" என்றார் பிரின்சிபால்.

"கரெக்டா எழுதினது வாலு சார். 'உங்க சட்டை கலர்'னு எழுதியிருக்கான். குருட்டு அடி. என் பழைய சட்டையக் கிழிச்சுத்தான் சுத்தி வச்சேன்."

"அப்போ இவன்?"

வாத்தியார் தாளை நீட்டினார்.

"தெரியாதவன் எல்லாம் ஏதோ ஒரு கலர எழுதிட்டான் சார். தெரிஞ்சவன் ஒருத்தன்தான் எழுதாம விட்டிருக்கான்."