நாலு பத்து

பெண் பார்க்க வந்தவர்களின் கார் வாசலில் நின்றபோது கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. பெண்ணின் அப்பா சபேசன் ரிமோட்டைத் தட்டினார், தொடையில் அடித்தார். சனியன், அசையவில்லை. வழக்கம்போலச் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி ரிமோட்டில் போட்டு டிவியின் வாயை அடைத்தார். கடிகாரத்தைத் திரும்ப மாட்டிவிட்டார்.

"நாலரைக்கு ராகு காலம். பிடிச்சிருந்தா அதுக்குள்ள பூ வச்சிடலாம்" என்றார் பையனின் அப்பா.

பையனும் பெண்ணும் பேச மொட்டை மாடிக்குப் போனார்கள். பஜ்ஜி தீர்ந்தது. மணி நாலு பத்து. காபியும் தீர்ந்தது. அப்போதும் நாலு பத்து. சபேசன் சட்டென்று ரிமோட்டைத் திரும்பிப் பார்த்தார். ரகசியமாகப் போனைப் பார்த்தார்: ஐந்தாகப் போகிறது. மாடியில் இருவரும் சேர்ந்து சிரிப்பது கேட்டது.

"இன்னும் நேரமிருக்கு, பேசட்டும்" என்று கடிகாரத்தைக் காட்டினார்.

பையனின் அப்பாவும் அதை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமாமா, நிறைய இருக்கு" என்றபடி முழுக்கைச் சட்டையை இழுத்துத் தன் வாட்சை மூடிக்கொண்டார்.