கேட்ட விலைக்கெல்லாம் சரி

"உள்ள போனதும் நீ வாயைத் திறக்கக் கூடாது," என்றாள் ஜிபார், மாடிப்படி ஏறிக்கொண்டே.

"கட்டடத்தைப் பாக்கறது மட்டும்தான் என் வேலை. தெரியும்," என்றான் குபாத்.

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகரில் பழைய வீடுகளை வாங்கி, பழுது பார்த்து விற்கிற தம்பதி. சுவரைத் தட்டிப் பார்த்தே அதன் வயதைச் சொல்லிவிடுவான் குபாத். ஆனால், விற்பவர் ஒரு பெருமூச்சு விட்டால் போதும், கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டு வருவான். அப்படி இரண்டு வீட்டில் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, பேரத்தை ஜிபார் எடுத்துக்கொண்டாள். அவளிடம் ஒருமுறை வீடு விற்றவர்கள், அவளைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள்.

கதவைத் திறந்த மெதெருக்கு முப்பது வயதிருக்கும். அவன் மனைவி பெகிமாய் டீயும் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"எதுக்கு விக்கறீங்க?" என்றாள் ஜிபார்.

"நண்பன் ஜார்ஜியாலேர்ந்து கார் இறக்கப் போறான்க்கா. நாளைக்குள்ள பணம் கொடுத்தா என்னையும் கூட்டுச் சேத்துக்குவான். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குவான்."

"அப்புறம் எங்க இருப்பீங்க?"

"இவ அம்மா வீட்டுல இருப்பா. நான் எங்கயாவது படுத்துப்பேன்."

"நீ என்னம்மா சொல்றே?"

"அவர் சொன்னாச் சரிதான்க்கா," என்று சொல்லிவிட்டு பெகிமாய் சமையலறைக்குள் போனாள்.

வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த குபாத், மனைவியின் காதோடு சொன்னான். "சுவரெல்லாம் கல்லு மாதிரி நிக்குது. குழாய் மொத்தமும் புதுசு. விட்டுடாத." பிறகு கை கழுவப் போனான்.

"அறுபதாயிரம் டாலர் எதிர்பாக்கறேன்," என்றான் மெதெர்.

"ஐம்பது."

"சரிக்கா."

"இந்தத் தெரு இரைச்சலுக்கு ஐம்பதா? நாப்பத்தஞ்சு."

"ரொம்பக் குறைக்கறீங்க... சரி."

"நாப்பது."

கை துடைத்துக்கொண்டே வந்த குபாத் வாசலிலேயே நின்றுவிட்டான். மெதெர் தலையைக் குனிந்துகொண்டு, "நாப்பதுக்கே வச்சுக்கங்க," என்றான்.

"நாப்பதுக்கும் வேண்டாம். எனக்கு வீடு பிடிக்கல."

மெதெர் குபாத்திடம் திரும்பினான். "அண்ணே, கட்டடம் தெரிஞ்சவர் நீங்க. நீங்களாவது சொல்லுங்க."

குபாத் தொண்டையைச் செருமினான். "குழாயெல்லாம் துருப்பிடிச்சுப் போச்சு தம்பி. மாத்தவே தனியாக் காசு வேணும்."

மெதெர் சோபாவில் சாய்ந்தான். "அப்ப நாளைக்குப் பணம் புரளாது. கார் வியாபாரம் போச்சு."

பெகிமாய் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, நூடுல்ஸ் போடறேன். ரெண்டு பேரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்."

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார்கள்.

காரில் ஏறியதும் ஜிபார் கேட்டாள். "குழாய் புதுசுன்னு நீதானே சொன்னே?"

"புதுசுதான்."

"கட்டட விஷயத்துல நீ பொய் சொல்லி நான் பாத்ததே இல்லையே."

"கை கழுவப் போனப்ப, சமையலறையில அந்தப் பொண்ணு குழாயைத் திறந்து விட்டுட்டு, சத்தம் வெளிய கேக்காம அழுதுட்டிருந்தா. அதை விடு. நாப்பதுக்கு அந்த மாதிரி வீடு மறுபடி கிடைக்குமா? அதை ஏன் நீ வேண்டாம்னே?"

ஜிபார் வண்டியைக் கிளப்பினாள்.

"'அவர் சொன்னாச் சரி'ன்னு சொன்னப்ப அவ முகத்தை நீ பாக்கல. அவன் கோவப்பட்டு நம்மளை எழுந்து வெளிய போங்கன்னு சொல்லுவான்னுதான் குறைச்சுக்கிட்டே போனேன். அந்தப் பய எல்லாத்துக்கும் சரி சரின்னா, நான் என்னதான் பண்றது?"